அடுத்த எண்ணை யாரிடம் கேட்பது?

மென்பொருள் ஒன்றின் தரவுத்தளத்தை முதன்முறையாகத் திறந்து பார்ப்பவர், ஏறத்தாழ எல்லா அட்டவணைகளிலும் ‘ஐடி’ என்ற நெடுவரிசை முதலாவதாக நிற்பதைக் காண்பார். வாடிக்கையாளருக்கு ஓர் ஐடி, அவர் கொடுத்த ஆர்டருக்கு ஓர் ஐடி, அந்த ஆர்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஐடி என்று எங்கு திரும்பினாலும் எண்களாகவே இருக்கும். இவற்றை யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்வதில்லை, நிரலே உருவாக்கிக்கொள்கிறது. அப்படி உருவாகும் எண் ஒன்று இன்னொன்றோடு மோதாமல் இருப்பது எப்படி என்பதை, நிரலாக்கத்தில் இப்போதுதான் காலெடுத்து வைப்பவர்களுக்காக இங்கே விளக்க முயல்கிறேன். ஒரே கணினியில் ஓடும் சிறிய நிரலில் இது பெரிய சிக்கலே இல்லை. பல சர்வர்கள், பல குழுக்கள், பல கோடிப் பதிவுகள் என்று திட்டம் விரியும்போதுதான், ‘அடுத்த எண்ணை யாரிடம் கேட்பது?’ என்ற கேள்வி தலைதூக்குகிறது. இத்துறையில் உள்ள எல்லா முறைகளும் இந்த ஒரு கேள்விக்குச் சொல்லப்பட்ட வெவ்வேறு பதில்கள்தாம்.

பெயரையோ தொலைபேசி எண்ணையோ அடையாளமாக வைத்துக்கொண்டால் என்ன என்று தொடக்கத்தில் எல்லோருக்கும் தோன்றும். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். கைவிடப்பட்ட தொலைபேசி எண் சில காலம் கழித்து வேறொருவருக்குப் போய்ச் சேரும். மின்னஞ்சல் முகவரியை மனிதர்கள் விருப்பம்போல மாற்றிக்கொள்வார்கள். நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் துறைக் குறியீடு, ஆண்டு, வரிசை எண் ஆகிய மூன்றையும் ஒட்டிப் பதிவு எண்ணை உருவாக்கியிருந்தார்கள். பார்த்தவுடன் புரியும் என்று அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டார்கள். பின்னர் ஒரு துறை இரண்டாகப் பிரிந்தது. பழைய பதிவுகளில் பாதி, தமக்குச் சம்பந்தமில்லாத துறையின் குறியீட்டைச் சுமந்துகொண்டு நின்றன. எண்ணை மாற்றினால் அதைச் சுட்டிக்கொண்டிருந்த மற்ற அட்டவணைகளோடு இருந்த தொடர்பு அறுந்துபோகும். மாற்றாவிட்டால் எண் பொய் சொல்லும். பொய் சொல்லட்டும் என்றே விட்டுவிட்டோம். அடையாள எண்ணுக்குள் அர்த்தம் எதையும் திணிக்கக் கூடாது என்பதில் எனக்கு அன்றிலிருந்து சற்றுப் பிடிவாதம் உண்டு.

சரி, அர்த்தமில்லாத எண்ணையே கொடுப்போம் என்று முடிவு செய்யும் புதிய நிரலாளர் பெரும்பாலும் முதலில் எழுதுவது இப்படித்தான் இருக்கும்: அட்டவணையில் இதுவரை உள்ள மிகப் பெரிய ஐடி எது என்று கேள், அதனுடன் ஒன்றைக் கூட்டு, அந்த எண்ணில் புதிய பதிவைச் சேர். சோதித்துப் பார்க்கும்போது இது பிசகாமல் வேலை செய்யும், ஏனெனில் சோதிப்பவர் ஒருவர்தான். இரண்டு பயனாளர்கள் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். முதலாமவரின் கோரிக்கை கேட்கிறது, பதில் 500. அந்தக் கோரிக்கை 501-ஐ எழுதுவதற்கு முன்பாகவே, சில மில்லிவிநாடி இடைவெளியில் இரண்டாமவரின் கோரிக்கையும் கேட்கிறது. அதற்கும் பதில் 500. இருவருமே 501 தமக்கே என்று நம்பிக்கொண்டு எழுதப் போகிறார்கள். கேட்பதும் எழுதுவதும் இரண்டு தனித்தனிச் செயல்களாக இருக்கும் வரை அவற்றுக்கிடையே யாராவது நுழைந்துகொண்டேதான் இருப்பார்கள்.

ஆகவே, கேட்பதையும் கூட்டுவதையும் பிரிக்க முடியாத ஒரே செயலாக்கி, அந்தப் பொறுப்பைத் தரவுத்தளத்திடமே ஒப்படைக்கிறோம். மைஎஸ்க்யூஎல் போன்றவற்றில் இதற்கு ஆட்டோ இன்கிரிமென்ட் என்று பெயர். போஸ்ட்கிரெஸில் சீக்வென்ஸ் என்கிறார்கள். வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் கிழித்துக் கொடுப்பதைப் போன்றதுதான் இது: ஒரு முறை கிழித்த டோக்கனை இன்னொருவருக்குக் கொடுப்பதில்லை. டோக்கன் வாங்கியவர் வரிசையை விட்டுப் போய்விட்டாலும் அந்த எண் திரும்பி வராது. பதிவு பாதியில் தோல்வியடைந்து ரோல்பேக் ஆனாலும், அதாவது செய்தது முழுவதும் திரும்பப் பெறப்பட்டாலும், சீக்வென்ஸ் தந்த எண் போனது போனதுதான் என்பதால், 501, 502, 504 என்று இடையில் ஓட்டை விழும். புதியவர்கள் இதைப் பிழை என்று எண்ணி ஓட்டையை அடைக்க முயல்வதுண்டு. அது வீண் வேலை. ரசீது எண் விடுபடாமல் வர வேண்டும் என்று கணக்குப் பிரிவு கேட்டால், அதற்குத் தனியாக வேறோர் எண்ணைப் பராமரிப்பதே முறை.

இந்த எண் எவ்வளவு பெரியதாக வளரலாம் என்பதையும் முதல் நாளிலேயே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. 32 பிட் முழு எண்ணில் எதிர்ம எண்களுக்கும் இடம் ஒதுக்கினால் கிடைக்கும் உச்சம் 2,147,483,647. அதாவது ஏறத்தாழ 214 கோடி. தொடங்கும்போது எட்டாத உயரமாகத் தெரியும் இந்த எல்லையைப் பெரிய சேவைகள் தொட்டுவிடுகின்றன. 2006 நவம்பரில் ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில் வாசகர் கருத்துகளின் எண்ணிக்கை 16,777,216-ஐத் தாண்டியதும் கருத்துகளுக்குப் பதில் எழுத முடியாமல் போனது. அது 24 பிட் எண்ணின் எல்லை. கருத்து எண்ணுக்கான பிரைமரி கீயை, அதாவது ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் நெடுவரிசையை, அவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே 32 பிட்டாக மாற்றிவிட்டிருந்தார்கள். எந்தக் கருத்துக்கு எந்தக் கருத்து பதில் என்று குறித்துவைக்கும் மற்றோர் இடத்தில் மட்டும் பழைய 24 பிட்டே தங்கிவிட்டிருந்தது. அடையாள எண் ஒன்று பிறக்குமிடத்தில் மட்டும் வாழ்வதில்லை. அதைச் சுட்டும் ஒவ்வோர் அட்டவணையிலும், பதிவை விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸிலும், அதை வாங்கிச் செல்லும் ஒவ்வொரு நிரலிலும் வாழ்கிறது. இன்று புதிதாகத் தொடங்குபவர் 64 பிட்டையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பதிவுக்குக் கூடுதலாகச் செலவாகும் 4 பைட் அதற்கு ஒரு விலையே அல்ல.

இதுவரை எண் தருபவர் ஒருவரே. தரவுத்தளம் ஒன்றிலிருந்து பலவாகப் பிரியும்போது நிலைமை மாறுகிறது, ஏனெனில் ஒவ்வொன்றும் தன்பாட்டில் 1, 2, 3 என்று எண்ணத் தொடங்கினால் மோதல் நிச்சயம். இதற்கு மிக எளிய தீர்வு, எண்களை முன்கூட்டியே பங்கு பிரித்துக்கொள்வது. படங்களைப் பகிரும் ஃபிளிக்கர் நிறுவனம், எண் தருவதற்கென்றே இரண்டு சர்வர்களை வைத்து, ஒன்று ஒற்றைப்படை எண்களையும் மற்றொன்று இரட்டைப்படை எண்களையும் மட்டுமே வழங்கும்படி அமைத்திருந்தது. ஒன்று செயலிழந்தாலும் மற்றொன்று வழங்கிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று கலந்துபேச வேண்டிய தேவையே இல்லை. ஒவ்வொரு சர்வரும் மைய இடத்திலிருந்து ஆயிரம் எண்களை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு, தீர்ந்தபின் மீண்டும் போய்க் கேட்பது இன்னொரு வழி.

ட்விட்டர் 2010-இல் அறிமுகப்படுத்திய ஸ்னோஃபிளேக் முறை இந்தப் பங்கு பிரிக்கும் சிந்தனையை எண்ணுக்குள்ளேயே கொண்டுவந்தது. 64 பிட்டில் ஒன்று பயன்படாமல் விடப்படுகிறது. அடுத்த 41 பிட்டில் நேரம், மில்லிவிநாடிக் கணக்கில். அதற்கடுத்த 10 பிட்டில் எண்ணை உருவாக்கும் கணினியின் எண். கடைசி 12 பிட்டில் அந்த மில்லிவிநாடிக்குள் ஓடும் வரிசை எண். ஆகவே 1,024 கணினிகள், ஒவ்வொன்றும் மில்லிவிநாடிக்கு 4,096 எண்கள் வீதம், ஒன்றையொன்று கேட்காமலேயே உருவாக்கிக்கொண்டிருக்கலாம். நேரம் முன்னால் நிற்பதால் எண்கள் ஏறத்தாழப் பிறந்த வரிசையிலேயே அடுக்கப்படும் என்பது கூடுதல் வசதி. 41 பிட் சுமார் 69 ஆண்டுகளுக்குத் தாங்கும் என்பதால், கணினிகள் வழக்கமாக நேரத்தை எண்ணத் தொடங்கும் 1970-இலிருந்து கணக்கைத் தொடங்காமல் திட்டம் பிறந்த நாளுக்கு அருகிலிருந்து தொடங்குகிறார்கள். ட்விட்டரின் கணக்கு 2010 நவம்பரில் தொடங்குகிறது.

இம்முறையின் பலவீனம் கடிகாரத்தில் இருக்கிறது. கணினியின் கடிகாரம் நேரச் சர்வரைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும்போது சில மில்லிவிநாடிகள் பின்னோக்கிப் போவதுண்டு. கடந்துபோன மில்லிவிநாடி மீண்டும் ஒரு முறை வந்தால், அதில் ஏற்கெனவே கொடுத்த எண்களையே இரண்டாம் முறையும் கொடுக்க நேரிடும். ஆகவே கடைசியாக எண் கொடுத்த நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டு, கடிகாரம் அதற்குப் பின்னால் போயிருந்தால் எண் தர மறுக்கும்படியோ அது எட்டிப்பிடிக்கும் வரை காத்திருக்கும்படியோ நிரலை எழுத வேண்டும். இரண்டு கணினிகளுக்கு ஒரே கணினி எண் தரப்பட்டுவிடுவது இன்னும் மோசம். ஒரு சர்வரை அச்சு அசலாகப் படியெடுத்து இன்னொன்றை இயக்கும்போது இது மிக எளிதாக நேர்ந்துவிடும்.

64 பிட் எண்ணை உலாவிக்கு அனுப்பும்போது இன்னொரு பள்ளமும் காத்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான எண் வகை 9,007,199,254,740,992 வரைதான் ஒவ்வொரு முழு எண்ணையும் பிசகாமல் வைத்துக்கொள்ளும். அதற்கு அடுத்த எண்ணான 9,007,199,254,740,993-ஐக் கொடுத்தால் எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் கடைசி இலக்கம் 2 ஆகிவிடும். அதாவது, கேட்ட பதிவுக்குப் பதில் பக்கத்துப் பதிவு வந்து நிற்கும். ஐடியை எண்ணாக அனுப்பாமல் எழுத்துச் சரமாக அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. கூட்டவோ பெருக்கவோ போகாத ஒன்றை எண்ணாக நடத்துவதற்கு எந்தக் கட்டாயமும் கிடையாது.

இனி, யாரிடமும் கேட்க வேண்டாம், எதையும் பங்கு பிரிக்கவும் வேண்டாம் என்று சொல்லும் முறைக்கு வருவோம். யூயூஐடி எனப்படும் 128 பிட் அடையாளத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: 8, 4, 4, 4, 12 என்று கோடுகளால் பிரிக்கப்பட்ட 32 குறிகள், கோடுகளையும் சேர்த்தால் 36. இதன் நான்காம் வகையில் 6 பிட்டுகள் வகையைக் குறிக்கப் போய்விட, எஞ்சிய 122 பிட்டுகளும் குலுக்கல் முறையில், அதாவது ரேண்டமாக நிரப்பப்படுகின்றன. இணைய இணைப்பே இல்லாத கைப்பேசிகூடத் தனக்கான அடையாளத்தைத் தானே உருவாக்கிக்கொண்டு, பின்னர் இணைப்பு கிடைத்ததும் பதிவை அனுப்பி வைக்கலாம். அதே பதிவு இணைப்புக் கோளாறால் இரண்டு முறை வந்து சேர்ந்தாலும், ஐடி ஒன்றே என்பதால் சர்வர் இரண்டாவதை ஒதுக்கிவிடும். இந்தப் பயன் ஒன்றுக்காகவே நான் பல இடங்களில் இம்முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

குலுக்கிப் போட்டால் எப்போதாவது ஒன்றே இரண்டு முறை விழாதா என்ற ஐயம் இயல்பானது. ஒரு அறையில் 23 பேர் இருந்தாலே அவர்களில் யாரோ இருவரின் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடுகிறது. 365 நாட்களுக்கு 23 பேர் மிகக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் இருவர் இருவராகப் பார்த்தால் அங்கே 253 சோடிகள் இருக்கின்றன. அடையாள எண்களும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. 32 பிட் ரேண்டம் எண்ணில் 429 கோடி சாத்தியங்கள் இருந்தும், ஏறத்தாழ 77,000 எண்களை உருவாக்கியதுமே மோதலுக்கான வாய்ப்பு பாதியைத் தொட்டுவிடும். 122 பிட்டுக்கு வந்தால் அதே நிலையை அடைய நொடிக்கு 100 கோடி வீதம் சுமார் 86 ஆண்டுகள் ஓயாமல் உருவாக்க வேண்டும். ஆகவே யூயூஐடியைத் ‘தேவைக்கு மேல் நீளம்’ என்று பாதியாக வெட்டிப் பயன்படுத்துபவர்கள், நீளம் பாதியானால் பாதுகாப்பும் பாதிதான் ஆகும் என்று தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். அது அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சரிகிறது.

இந்தக் கணக்கெல்லாம் குலுக்கல் நேர்மையாக இருந்தால்தான் செல்லும். டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தில் 2006-இல் செய்யப்பட்ட ஒரு சிறு மாற்றத்தால், ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருளின் ரேண்டம் எண்கள் கிட்டத்தட்ட, இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் இயங்குதளம் தரும் செயல்முறை எண்ணை மட்டுமே நம்பி உருவாகத் தொடங்கின; அந்த எண்ணின் உச்சமோ 32,768. 2008 மே மாதம் இது வெளிப்பட்டபோது, எண்ணிலடங்காத வகையில் இருக்க வேண்டிய மறையாக்கச் சாவிகள் ஒரு பட்டியலில் அடங்கிவிடும் அளவுக்குச் சுருங்கியிருந்தது தெரியவந்தது. அடையாளம் உருவாக்க, மொழியில் உள்ள சாதாரண ரேண்டம் செயற்கூற்றை விட்டுவிட்டு, இயங்குதளம் பாதுகாப்புக்கென்றே தரும் மூலத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று மூத்தவர்கள் சொல்வது இதனால்தான்.

யூயூஐடியின் முதல் வகை ரேண்டமை நம்பவில்லை. கணினியின் நெட்வொர்க் அட்டை எண்ணையும் நேரத்தையும் சேர்த்து அது உருவாகிறது. அந்த நேரம், கிரிகோரியன் நாட்காட்டி தொடங்கிய 1582 அக்டோபர் 15-இலிருந்து எண்ணப்படுகிறது என்பது ஒரு சுவையான விவரம். ஆனால் எந்தக் கணினியில் உருவானது என்பதை ஒவ்வொரு அடையாளமும் ஊருக்கே சொல்லிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் உவப்பானதன்று.

தரவுத்தளத்துக்குள் நுழைந்ததும் ரேண்டம் அடையாளங்கள் வேறொரு சிக்கலைக் கிளப்புகின்றன. இண்டெக்ஸ் என்பது அகரவரிசைப்படி அடுக்கப்பட்ட அகராதியைப் போன்றது. மைஎஸ்க்யூஎல்லில் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி அதை 16 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. 1, 2, 3 என்று ஏறுமுகமாக வரும் எண்கள் எல்லாம் கடைசிப் பக்கத்திலேயே போய்ச் சேரும்; அது நிரம்பினால் அடுத்த பக்கம் திறக்கும்; நினைவகத்தில் அந்த ஒரு பக்கம் இருந்தாலே போதும். ரேண்டம் அடையாளமோ அகராதியின் எந்தப் பக்கத்தில் நுழையும் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே நிரம்பிய பக்கத்துக்கு நடுவே ஒரு சொல் வந்து நுழைந்தால் அந்தப் பக்கத்தை இரண்டாகப் பிளந்து பாதியை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். அட்டவணை நினைவகத்தில் அடங்காத அளவுக்கு வளர்ந்தபின், ஒவ்வொரு புதிய பதிவுக்கும் வட்டின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துவர வேண்டியிருக்கும். சில லட்சம் பதிவுகள் வரை இதை உணரவே மாட்டீர்கள். உணரும்போது அட்டவணை மாற்றி அமைக்க முடியாத அளவுக்குப் பருத்திருக்கும்.

இதற்கான விடையாக, 2024 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தர ஆவணம் ஏழாம் வகை யூயூஐடியை முறைப்படுத்தியது. முதல் 48 பிட்டில் மில்லிவிநாடி நேரம், அதன்பின் வகைக்கான 6 பிட்டுகள் போக எஞ்சிய 74 பிட்டில் பெரும்பாலும் ரேண்டம். நேரம் முன்னால் வருவதால் புதியவை ஏறத்தாழ வரிசையாகவே வந்து சேரும். கணினி எண்களை யாரும் நிர்வகிக்கத் தேவையில்லை. இன்று புதிய திட்டம் ஒன்றுக்கு என்னிடம் யோசனை கேட்டால், ஒரே தரவுத்தளம் போதுமெனில் 64 பிட் ஆட்டோ இன்கிரிமென்ட், இல்லையெனில் ஏழாம் வகை யூயூஐடி என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவேன். அதை 36 எழுத்துச் சரமாகச் சேமிக்காமல் 16 பைட்டாகவே சேமியுங்கள் என்பதை மட்டும் போகிற போக்கில் சொல்லிவைப்பேன்.

வரிசை எண்களைப் பயனாளர் கண்ணில் படும்படி வைப்பதில் ஒரு கசிவு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் புள்ளியியலாளர்கள், கைப்பற்றிய ஜெர்மானிய டாங்கிகளில் பொறித்திருந்த வரிசை எண்களை வைத்தே மாத உற்பத்தியைக் கணித்தார்கள். 1942 ஆகஸ்டுக்கு அவர்கள் சொன்னது 327; உளவுத்துறை சொன்னது 1,550; போருக்குப் பின் கிடைத்த ஜெர்மானியப் பதிவேடுகள் காட்டியதோ 342. இணைய முகவரியில் ஆர்டர் எண் 8,120 என்று இன்றும், 8,190 என்று ஒரு வாரம் கழித்தும் பார்க்கும் போட்டியாளருக்கு உங்கள் வியாபாரத்தின் அளவு தெரிந்துவிடும். ரேண்டம் அடையாளம் இதைத் தடுக்கும். ஆனால், யூகிக்க முடியாத ஐடி இருக்கிறதே என்ற தைரியத்தில், கேட்பவருக்கு அந்தப் பதிவைப் பார்க்க உரிமை உண்டா என்று சோதிப்பதைக் கைவிட்டுவிடக் கூடாது. முகவரிகள் நகலெடுக்கப்படும், பகிரப்படும், பதிவேடுகளில் தங்கும்.

மோதல் சர்வர்களுக்கிடையே மட்டுமன்றி நிரலாளர்களுக்கிடையேயும் நேரும். இணையச் செயலிகளை உருவாக்க உதவும் ரூபி ஆன் ரெயில்ஸில் தரவுத்தள மாற்றங்களைச் சொல்லும் கோப்புகளுக்கு முன்பு 41, 42 என்று வரிசை எண் இடப்பட்டது. ஒரே நாளில் இருவர் தத்தம் கணினியில் 43-ஐ உருவாக்கிவிட்டு, இரண்டையும் இணைக்கும்போது விழிப்பார்கள். 2008-இல் வந்த 2.1 பதிப்பு அந்த எண்ணுக்குப் பதிலாக ஆண்டு முதல் விநாடி வரையிலான 14 இலக்க நேரத்தை வைத்தது. இருவர் ஒரே விநாடியில் கோப்பு உருவாக்குவது அரிது என்பதால் அதுவே போதுமானதாக இருந்தது. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளோ எண் கேட்பதையே தவிர்த்து, உள்ளடக்கத்திலிருந்தே 40 குறி நீளமுள்ள அடையாளத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. உள்ளடக்கம் ஒன்றாக இருந்தால் அடையாளமும் ஒன்றாகவே இருக்கும். அங்கே அதுதான் வேண்டியதும்.

எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த நெடுவரிசையில் தரவுத்தளத்தின் தனித்தன்மைக் கட்டுப்பாட்டை, அதாவது ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்கும் விதியை, வைத்துவிடுங்கள்; மோதலுக்கு வாய்ப்பே இல்லை என்று கணக்கு சொன்னாலும் வைத்துவிடுங்கள். கணக்கு எண்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. படியெடுத்த சர்வரையும், பின்னோக்கிப் போன கடிகாரத்தையும், சோதனைக்காக யாரோ நிரலில் எழுதிவைத்துவிட்டு மறந்த நிலையான ஐடியையும் அது அறியாது. கட்டுப்பாடு மறுத்தால் நிரல் புதிய அடையாளம் ஒன்றை உருவாக்கி மீண்டும் முயலட்டும். மூன்றாம் முறையும் மறுக்கப்பட்டால் அதற்கு மேல் முயலாமல் நின்று, பதிவேட்டில் எழுதிவிட்டு ஆளைக் கூப்பிடட்டும். 122 பிட் குலுக்கலில் மூன்று முறை தொடர்ந்து ஒரே எண் விழுந்தால், குலுக்கும் கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.